ரோச்சோர் கால்வாயில் தொங்கான் குடித்தனம்

முதல் நாள்

நான் தொங்கானில் ஏறிய முதல் நாளே தைக்கோங் என்னை இறக்கிவிடச் சொன்னார்.

தொங்கான் என்றால் சரக்குப் படகு. தைக்கோங் என்றால் அதன் சுக்கானைப் பிடிப்பவர். படகில் அவர் சொன்னதுதான் சட்டம். எங்கள் தைக்கோங் ஆ ஹுவாட் தியோச்சியூ சீனர், முப்பத்தைந்து வயது மதிக்கலாம், ஒல்லியான ஆள். என் வீட்டுக்காரர் சுப்பையா அந்தப் படகில் எஞ்சின் டிரைவர். படகுக்குச் சொந்தக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் ஒருவர். எங்களுக்கு அவர் ‘முதலாளி’. நான் சொல்லப்போவது இந்த மூன்று ஆண்களோடு நான் வேலை பார்த்த கதை.

சிங்கப்பூரில் ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை வைத்துத் தடுத்த அறையில் குடியிருந்தோம். கடலில் ஏற்றம் வந்து கால்வாயில் தண்ணீர் ஏறும்போதுதான் படகு நகர முடியும். அது விடிகாலையிலும் இருக்கும், நடுப்பகலிலும் இருக்கும். அதனால் என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை போனால் படகிலேயே தூங்கி எழுந்து சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் நான் தடுப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைவீட்டை இடிக்கப் போகிறோம், எல்லாரும் காலி செய்யுங்கள் என்று சொன்னபோது மற்றக் குடித்தனக்காரர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

“வேற ரூம் பாத்துட்டு வரேன்” என்றார் அவர்.

“எதுக்குங்க? நீங்க தூங்குற எடத்துல நானும் தூங்கிட்டுப் போறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் பாய், தலையணை, பாத்திரம் எல்லாவற்றையும் கட்டி வைத்த பிறகுதான் நம்பினார். முதலாளியிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அவர், “ஒன் பொஞ்சாதி, ஒன் பாடு. ஆனா தைக்கோங்க கேட்டுக்கப்பா” என்று சொல்லிவிட்டார்.

தைக்கோங்கிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு ரிக்‌ஷாவில் சாமானை ஏற்றிக்கொண்டு நேராகக் காலாங் ஆற்றங்கரைக்குப் போய் இறங்கினோம். என் அப்பா தேக்காவில் மாடு வைத்துப் பால் விற்றவர். நான் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். எனக்கு நீச்சல் தெரியாது. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகை போட்டிருந்தது. அதில் எப்படி நடந்து போவது என்று பயந்தேன். அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது அந்தப் பக்கம் நின்றிருந்த ஆ ஹுவாட்டின் முகம்.

எங்கள் மூவருக்கும் பொதுவான பேச்சு சந்தை மலாய்தான். அதைத் தமிழில் சொல்கிறேன்.

“இது யாரு?”

“என் பொஞ்சாதி.”

“இங்க எதுக்கு?”

“இனிமே இங்கதான் இருப்பா. சமைப்பா.”

“பொம்பளை வேணாம். எறங்கச் சொல்லு.” அப்போது என் வீட்டுக்காரர் தோளில் இருந்த அம்மிக்கல் அவர் கண்ணில் பட்டது. “அந்தக் கல்லு எதுக்கு? நம்மகிட்ட நங்கூரம் இருக்கே.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் இன்னும் இறுகியது. அந்தச் சண்டை எப்படி முடிந்திருக்குமோ தெரியாது. அவர் தண்ணீரைப் பார்த்தார். அது இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், சரக்கு போய்ச் சேராது.

“இன்னிக்கு ஒரு நாள் வரட்டும்” என்றார். “நாளைக்கு எறங்கிடணும்.”

அந்த ஒரு நாள் ஏழு வருஷம் நீடித்தது.

பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவில்

எங்கள் தொங்கான் மற்றவற்றைவிட ஒடுக்கமானது, அடி தட்டையானது. பெரிய படகுகள் நுழைய முடியாத ரோச்சோர் கால்வாயில் சுங்கை ரோடு வரைக்கும் கடல் ஏற்ற நேரத்தில் போய் வரும். அதனால்தான் முதலாளி அதை வைத்திருந்தார். காலாங் மரவாடிகளில் அறுத்த பலகையை ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரைக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவோம். சில நாள் அடுப்புக்கரி, சில நாள் அரிசி மூட்டை.

முன்பக்கம் சரக்கு. பின்பக்கம் வளைவான அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே எங்கள் குடித்தனம். அதன் அகலம், நான் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கமும் தொடும். தரைப்பலகைக்குக் கீழே எஞ்சின் குழி. சாயங்காலம் எஞ்சினை நிறுத்திய பிறகும் பலகை வெதுவெதுப்பாக இருக்கும். மழை நாளில் அந்தச் சூட்டில் படுப்பது ஒரு சுகம். தைக்கோங் முன்பக்கத்தில் ஒரு கித்தான் துணியைக் கட்டிக்கொண்டு அதற்குள் படுப்பார்.

கடிகாரம் எங்களுக்கு வேண்டாத பொருள். தண்ணீர் ஏறினால் புறப்பட வேண்டும், இறங்கினால் கட்ட வேண்டும். கால்வாயில் கட்டிய இடத்தில் தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது நாங்களும் சாய்ந்தபடியே தூங்குவோம். முதல் தடவை என் குழம்புச் சட்டி வழுக்கி எஞ்சின் குழிக்குள் விழுந்தது. வற்றிய கால்வாயின் நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். ஒரு மாதத்தில் எனக்கு அது தெரியாமலே போய்விட்டது. தேக்காவில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போனால், அவள்தான் மூக்கைச் சுளித்து முதலில் குளிக்கச் சொல்வாள்.

குடிக்கிற தண்ணீரைக் கரையில் பொதுக்குழாயில் பிடித்து மண்ணெண்ணெய் டின்களில் வைத்துக்கொள்வோம். குளியல் கூரைக்குள்ளே படுதா கட்டி, ஒரு வாளியில். அடுப்பு, மணல் கொட்டிய ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. கரிக்குப் பஞ்சம் இல்லை. சரக்கில் சிந்தியதைப் பொறுக்கினாலே போதும்.

பெரிய தொல்லை பாலங்கள்தான். கால்வாய்ப் பாலங்கள் தாழ்வானவை. ஏற்ற நேரத்தில் அவற்றுக்கு அடியில் போக வேண்டுமானால் புகைக் குழாயைக் கழற்றிப் படுக்க வைக்க வேண்டும், கூரை வளையங்களை எடுத்துவிட வேண்டும், நாங்களும் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். பாலம் நெருங்கியதும் தைக்கோங் “கெப்பாலா!” என்று கத்துவார். தலை என்று அர்த்தம். அடுப்பில் உலை வைத்திருந்தால் அதையும் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சோற்றில் பாலத்துத் தூசி. ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் நடுவில் சோறு பொங்கி வடிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் நான் சமைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். காரணம் அதுதான்.

தைக்கோங் என்னோடு பேசவே மாட்டார். நான் போட்ட சாப்பாட்டைத் தொடவும் மாட்டார், தனியாக அவருடைய கஞ்சியைக் காய்ச்சிக்கொள்வார். ஒரு நாள் காலை நான் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து என் தட்டை எட்டிப் பார்த்தார்.

“நீயும் மோய்தான் சாப்பிடுவியா?”

மோய் என்பது தியோச்சியூக்காரர்கள் காலையில் குடிக்கும் சோற்றுக் கஞ்சி. நான் தலையை ஆட்டினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து, உப்புப் போட்ட முள்ளங்கித் துண்டை என் தட்டில் வைத்தார். நான் எலுமிச்சை ஊறுகாயை அவர் கிண்ணத்தில் வைத்தேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தில். ஆனாலும் முழுதும் சாப்பிட்டார். மறுநாள் முதல் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது: தங்காச்சி. இந்த ஊர்ச் சீனரும் மலாய்க்காரரும் தமிழ்ப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாம் தங்கச்சி என்கிறோம், அவர்கள் வாயில் ஒரு கால் கூடிவிட்டது.

எஞ்சினும் நானும்

எஞ்சின் வேலையை நான் கற்றுக்கொள்ள நினைத்துக் கற்றுக்கொள்ளவில்லை. அது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். சாவியைத் திருப்பினால் ஓடுகிற ரகம் இல்லை. முதலில் அதன் தலையை, தீயைப் பீய்ச்சும் ப்ளோ லேம்ப்பால் நன்றாகச் சூடாக்க வேண்டும். அது சிவக்கிற பதத்துக்கு வந்த பிறகுதான் ஃப்ளை வீல் என்ற கனத்த சக்கரத்தை ஆட்டி ஸ்டார்ட் செய்ய முடியும். காலையில் அடுப்பு மூட்ட எப்படியும் நான் எழுந்திருப்பேன். “அப்படியே அந்த லேம்ப்பையும் கொளுத்தி வச்சிடு பாக்கியம்” என்று என் வீட்டுக்காரர் பாயில் இருந்தபடியே சொல்வார். அப்படி ஆரம்பித்ததுதான்.

பிறகு எண்ணெய் விட்டேன். பிறகு ஸ்ட்ரெய்னர். எஞ்சின் சூடாகாமல் இருக்க வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துச் சுற்றவிட்டு, படகின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே துப்பும். கால்வாய்த் தண்ணீரில் இல்லாத குப்பை கிடையாது. அதைத் தடுக்கிற சல்லடைதான் ஸ்ட்ரெய்னர். அது அடைத்தால் பக்கக் குழாயில் தண்ணீர் நின்றுபோகும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான் அரிசி களையும் இடத்துக்கு நேர் கீழேதான் அந்தக் குழாய். அரிசி களைந்துகொண்டே, “என்னங்க, தண்ணி கொறையுது” என்று குரல் கொடுப்பேன். வால்வை மூடி, சல்லடையைக் கழற்றி, குப்பையை வழித்துப் போட்டு மாட்ட வேண்டும். அவர் கை பெரிது, உள்ளே போகாது. என் கை போகும்.

ஃப்ளை வீலை மட்டும் அவர் என்னைத் தொட விட்டதில்லை. ஒரு தடவை கேட்டதற்கு, “அது பலத்துல ஓடறது இல்ல. பின்னுக்கு ஆட்டி விடணும், சரியா அழுந்துற நேரத்துல கையை எடுத்துடணும். அதுவே ஒதச்சுக்கிட்டு முன்னுக்கு ஓடும். நேரம் தப்புச்சுன்னா கை போயிடும்” என்று சொல்லிக் காட்டினார். நான் பார்த்து வைத்துக்கொண்டதோடு சரி.

மழை

ஒரு நாள் சுங்கை ரோட்டுப் பக்கம் ஒரு பலகைக் கடைக்குச் சரக்கு. காலை ஏற்றத்தில் போய் இறக்கி முடித்தபோது வானம் புக்கிட் தீமா மேட்டுப் பக்கம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே மழை விழுவதற்கு முன்னாலேயே கால்வாயில் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. மேலே பெய்த மழை வெள்ளமாக வந்துகொண்டிருந்தது.

தைக்கோங் பாலத்துத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். “இப்பவே போகணும். இன்னும் ஏறினா பாலத்துக்கு அடியில எடம் இருக்காது. இங்க நின்னா கயிறு தாங்காது.”

கயிற்றை அவிழ்த்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் குழியடியில் உட்கார வைத்துவிட்டு, தூணில் இடிக்காமல் தள்ளிவிட நீளக் கழியோடு முன்னால் போனார். மழை கொட்டியது. சரக்கு இல்லாத படகு இலேசாக இருந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளம் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சுழற்றியது. படகு குறுக்கே திரும்பியது. அவர் கழியை ஊன்றினார், அது முறிந்தது. உடனே விளிம்பில் உட்கார்ந்து காலால் தூணை உதைத்தார். அப்படிச் செய்யாதே என்று மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன மனிதர். அந்த நிமிஷத்தில் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. படகு முழு வேகத்தோடு போய்த் தூணில் மோதியது. அவருடைய வலது கால் நடுவில் மாட்டிக்கொண்டது.

அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, எஞ்சின் சத்தம். தைக்கோங் கத்தியதுதான் கேட்டது. மோதிய படகு ஒரு கணம் விலகியபோது அவர் சுக்கானை விட்டு ஓடி, என் வீட்டுக்காரரை இரண்டு அக்குளிலும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். அடுத்த கணமே படகு இரண்டு தூண்களுக்கும் குறுக்காகப் போய் அடைத்துக்கொண்டது. வெள்ளம் ஒரு பக்கமாக வந்து முட்டியது. படகு சாய்ந்தது. விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே விழத் தொடங்கியது.

“தங்காச்சி! கோஸ்தான்! கோஸ்தான்!”

பின்னுக்கு ஓட்டு என்று அர்த்தம். லிவரை இழுத்தேன். எஞ்சின் முக்கியது. படகு இம்மி நகரவில்லை. அப்போதுதான் எஞ்சின் சத்தத்தில் ஒரு கரகரப்பு தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். பக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

நிறுத்தினால் படகைப் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. நிறுத்தாவிட்டால் எஞ்சினே இல்லை. நான் நிறுத்தினேன். திடீரென்று மழைச் சத்தமும் வெள்ளச் சத்தமும் அவர் முனகுவதும் ஒன்றாகக் கேட்டன. தைக்கோங் என்னைத் திட்டியதும் கேட்டது. வால்வை மூடி, சல்லடையைக் கழற்றினேன். வாழை இலை, கந்தல், கோழி இறகு எல்லாம் திரண்டு உருண்டையாக வந்தது. வழித்து எறிந்துவிட்டு மாட்டி, வால்வைத் திறந்தேன். குழிக்குள் என் முழங்கால் வரைக்கும் தண்ணீர். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஃப்ளை வீல் நனையும்.

எஞ்சின் தலை இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் ஃப்ளை வீலை யார் ஆட்டுவது? தைக்கோங் தோளைக் கொடுத்துப் படகைத் தூணிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். நான் வீலைப் பிடித்து முழுப் பலத்தோடு முன்னால் தள்ளினேன். அசையவில்லை. மறுபடியும் தள்ளினேன். அழுகை வந்தது.

பலகைக்கு மேலே இருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “பாக்கியம், பலம் போடாத. பின்னுக்கு ஆட்டு. மெதுவா. அழுந்துறது தெரியும் பாரு... தெரிஞ்சதும் விட்டுடு.”

பின்னுக்கு ஆட்டினேன். கையில் அந்த அழுத்தம் தெரிந்தது. விட்டேன். எஞ்சின் உதைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. பக்கக் குழாயில் தண்ணீர் பீய்ச்சியது.

அதற்குள் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்பவர்கள் மழைக்குக் கடையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு மலாய்க்காரர், தாம் விற்பதற்கு வைத்திருந்த கப்பல் கயிற்றை அப்படியே சுருளோடு எங்கள் பக்கம் வீசினார். தைக்கோங் அதைப் பிடித்து முன்பக்கத்தில் கட்டினார். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். நான் கோஸ்தான் போட்டேன். படகு ஒரு பெரிய முனகலோடு தூணை விட்டு வந்து கால்வாய்ச் சுவரோரம் ஒட்டியது.

விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பழைய கதவைத் தூக்கி வந்து, அதில் என் வீட்டுக்காரரைக் கிடத்தி மேலே ஏற்றினார்கள். காய்கறி ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. நான் குழிக்குள்ளேயே நின்றேன். நான் போனால் எஞ்சினை யார் பார்ப்பது, வெள்ளத்தில் படகு திரும்பவும் இழுத்துக்கொண்டால் தைக்கோங் தனியாக என்ன செய்வார் என்று கால் நகரவில்லை.

“நீ போ” என்றார் தைக்கோங்.

“படகு?”

கயிறு வீசிய மலாய்க்காரர் மேலே இருந்து சொன்னார்: “போம்மா, நாங்க பிடிச்சுக்கறோம். தண்ணி எறங்குற வரைக்கும் விட மாட்டோம்.”

நான் லாரியில் ஏறினேன். தண்ணீர் இறங்கும் வரைக்கும் அவர்கள் அந்த மழையில் ஆள் மாற்றி ஆள் நின்றதாகத் தைக்கோங் பிறகு சொன்னார். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதலாளி வந்தார்

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஒரு டாக்டர், முயன்று பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கணக்கில் படுக்கை. வார்டு ஆயா ஒருத்தி, மலையாளத்துக்காரி, பார்வையாளர் நேரம் தப்பி நான் வந்தாலும் உள்ளே விட்டு, “சீக்கிரம் பார்த்துட்டுப் போ மோளே” என்பாள். நான் நேரம் தப்பித்தான் வருவேன், ஏனென்றால் நான் வேலையில் இருந்தேன்.

அது இப்படி நடந்தது. மூன்றாம் நாள் முதலாளி படகைப் பார்க்க வந்தார். கைலியும் தொப்பியுமாகக் கரையில் நின்று, “அல்லா காப்பாத்துனான்மா. சுப்பையாவுக்கு ஆஸ்பத்திரியில ஒரு கொறையும் வராது, நான் பாத்துக்கறேன்” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “ஆனா படகு சும்மா நிக்க முடியாது பாரு. வேற டிரைவர் போடணும். நீ எங்க போவ?”

வேறு டிரைவர் வந்தால் எங்கள் வீடும் போயிற்று என்று எனக்குத் தெரியும். என் அம்மா வீட்டில் மாடுகளுக்கே இடம் போதாது.

தைக்கோங் சுக்கானடியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். “ஆள் தேட வேணாம்” என்றார். “ஆள் இருக்கு.”

“யாரு?”

என்னைக் கையால் காட்டினார்.

முதலாளி சிரித்தார். தைக்கோங் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “என்னப்பா இது. பொம்பளைப் புள்ளை. கரையில நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“கரையில பேசுறவங்க எஞ்சின் ஓட்ட வருவாங்களா?” என்றார் தைக்கோங். “அன்னிக்கு அவ நிறுத்தலைன்னா எஞ்சின் போயிருக்கும். நான் நிறுத்தாதேன்னு திட்டினேன். அவ சரி, நான் தப்பு.”

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒன்னால முடியுமா?”

“முடியும் முதலாளி. ஃப்ளை வீலுக்குப் பலம் வேணாம்.”

“சரி. ஒரு வாரம் பாக்கறேன்.”

அப்போது அந்த அளவு எஞ்சினுக்கு முதலாளி வைத்த ஆள்தான் டிரைவர். எங்களிடம் யாரும் வந்து லைசென்ஸ் எதுவும் கேட்டதில்லை. ஒரு வாரம் ஆனதும் முதலாளி வந்தார், பக்கக் குழாயில் தண்ணீர் துப்புவதைப் பார்த்தார், சம்பளத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

நான் வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலமே தைக்கோங் தமது பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துத் தொங்கானுக்குப் போனார். வீட்டுக்காரர் இல்லாத படகில் நான் தனியாக இருக்கிறேனே, ஊர்வாயில் விழக்கூடாதே என்று. யாரும் அவரிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பி வரும் வரைக்கும் அவர் அங்கேதான் தூங்கினார்.

ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன். “மொத நாள் என்னை எறங்கச் சொன்னீங்களே, பொம்பளை ஏறினா படகுக்கு ஆகாதுன்னா?”

அவர் காது சிவந்தது. “அதெல்லாம் இல்ல. சாயங்காலம் நான் படகுல நின்னுதான் குளிப்பேன். துணி இல்லாம. நீ வந்ததுலேர்ந்து பொதுக்குழாய் வரைக்கும் நடக்க வேண்டியிருக்கு.”

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி கால்வாயில் விழுந்துவிட்டது.

அந்தக் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவும் போனேன். மலாய்க்காரர் அதே இடத்தில் பழைய பூட்டுகளையும் சங்கிலிகளையும் பரப்பி உட்கார்ந்திருந்தார். கயிற்றைப் பார்த்துவிட்டு, “அது எப்பவோ வித்துப் போச்சுன்னு நெனச்சுட்டேன். நீயே வச்சுக்க, இன்னும் எத்தனையோ மழை வரும்” என்றார். நான் நன்றி சொல்வதற்குள் வேறு ஒருவர் பூட்டு விலை கேட்க வந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தார்

ஊன்றுகோலோடு அவர் படகில் ஏறிய நாளில் தைக்கோங்கும் நானும் அந்தப் பலகையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். வந்ததும் எஞ்சின் குழியைப் பார்த்தார். இறங்கப் பார்த்தார். மடங்காத காலோடு அந்தக் குழிக்குள் யாராலும் இறங்க முடியாது. விளிம்பிலேயே உட்கார்ந்து ப்ளோ லேம்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆண்பிள்ளையின் வேலையைப் பொண்டாட்டி பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்துவிட்டால்? தைக்கோங்குக்கும் அந்த எண்ணம்தான் போலிருக்கிறது, எங்கள் பக்கமே பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் எழுந்து லேம்ப்பைக் கொளுத்தி, எஞ்சின் தலையில் வைத்துவிட்டு, அடுப்பு மூட்டத் திரும்பினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் காலை நீட்டிப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது? நகருங்க, நான் பாக்கறேன்.”

“நீ எஞ்சினப் பாரு. சூடு எறங்கிடப் போவுது.”

“ஒங்களுக்குச் சமைக்கத் தெரியாதே.”

“ஒனக்கு மட்டும் ஃப்ளை வீல் தெரிஞ்சிருந்துச்சா அப்ப?”

அன்று அவர் சமைத்தது சாம்பார். பாலம் வரும்போது தைக்கோங் “கெப்பாலா!” என்று கத்தினார், என் வீட்டுக்காரர் சட்டியை இறக்க மறந்தார், சாம்பாரில் பாலத்துத் தூசி. சரக்கை இறக்கி முடித்ததும் மூன்று தட்டு வைத்தார். எங்கள் வீட்டில் அம்மா, அத்தை எல்லாரும் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், படகிலும் அப்படித்தான் இருந்தேன். அவர் முதல் தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

“மொதல்ல நீங்க...” என்றேன்.

“வேலை பாத்துட்டு வந்த ஆளு மொதல்ல சாப்பிடணும். ஒக்காரு.”

நான் கரிக் கையோடு நின்றேன். வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது. படகில் வேலை செய்து செய்து எனக்கு எல்லாம் செய்யத் தெரிந்திருந்தது. ஒருவர் கொடுப்பதைப் பேசாமல் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள மட்டும் தெரியவில்லை. அப்போது எனக்கு மழையில் நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு போன தைக்கோங் நினைவுக்கு வந்தார். அவர்கள் யாரிடமும் நான் கேட்கவில்லை. கொடுத்தார்கள்.

இப்போது வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் என்னிடம், “அந்தக் காலத்துல எப்படிம்மா அந்த வேலை செஞ்சீங்க?” என்று கேட்கிறார்கள். எஞ்சினைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார்கள். எஞ்சின் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை, கவனித்துக்கொண்டே இருந்தால் வந்துவிடும். உதவி வரும்போது ‘வேண்டாம், நானே பார்த்துக்கறேன்’ என்று சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு நாளாயிற்று. அதைக் கற்றுக்கொண்டதால்தான் அந்த ஏழு வருஷமும் ஓடியது என்று நினைக்கிறேன்.

அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் வைத்ததும் தெரிந்தது, உப்பு இரண்டு மடங்கு. தைக்கோங் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். என் வீட்டுக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றேன்.